ஏலத்தில் எடுத்த மானிட்டர்

நம் கூட்டமைப்பு அலுவலகத்தில் இன்று கம்ப்யூட்டர் இருக்கிறது. முதல் மானிட்டர் எப்படி வந்தது என்று புதிய உறுப்பினர்களுக்குத் தெரியாது. அதைத்தான் எழுதுகிறேன்.

2009-ல் தொண்டு நிறுவனம் ஒன்று நமக்குப் பழைய சிபியு கொடுத்தது. மானிட்டர் இல்லை. அந்தச் சமயம் அரசு அலுவலகங்களில் பின்பக்கம் பருத்த பழைய மானிட்டர்களை எடுத்துவிட்டு, தட்டையானதை வைத்துக்கொண்டு இருந்தார்கள். பழசை "உபயோகமற்றது" என்று எழுதி, குறைந்தபட்ச விலை வைத்து, அறிவிப்புப் பலகையில் ஏல நோட்டீஸ் ஒட்டுவார்கள். டெபாசிட் கட்டினால் யாரும் கேட்கலாம். 1964-ல் தொடங்கிய எம்.எஸ்.டி.சி. என்ற நிறுவனமும் மத்திய அரசுப் பொருட்களை ஏலம் விடுகிறது.

அப்போதைய தலைவி அக்காவும் செயலாளர் அக்காவும் ஏலத்துக்குப் போனார்கள். மற்றவர்கள் எல்லாம் பழைய இரும்பு வியாபாரிகள். பத்து மானிட்டர் ஒரே லாட். ஒன்றிரண்டு மட்டும் தர மாட்டார்கள். நம்மவர்கள் 1,800 ரூபாய்க்கு எடுத்தார்கள். டெம்போ வாடகை 300.

வந்து போட்டுப் பார்த்தால் மூன்றுதான் எரிந்தது. நோட்டீசில் "உள்ளது உள்ளபடி" என்று இருந்தது. அப்படி என்றால் எடுத்த பிறகு புகார் சொல்ல முடியாது. "சந்தாக் காசுல குப்பையை வாங்கிட்டீங்களே"ன்னு கூட்டத்தில் பெரிய சண்டை. தலைவி அக்கா அழுதே விட்டார்.

பிறகு எரிந்ததில் இரண்டை 600 வீதம் விற்றோம். எரியாத ஏழையும் பழைய இரும்புக்காரரிடம் 350-க்குப் போட்டோம். கணக்குப் பார்த்தால் நம் மானிட்டர் விலை 550 ரூபாய். தீர்மானப் புத்தகத்தில் அப்படியே இருக்கிறது.

அதுவரை கணக்கு நோட்டு ஒருவர் கையில்தான் இருக்கும். மானிட்டர் வந்ததும் எல்லோரும் சுற்றி உட்கார்ந்து பார்த்தோம். ஒரு குழுவின் தவணை இரண்டு தடவை பற்று எழுதியிருந்தது அன்றுதான் தெரிந்தது. சண்டை போட்ட அக்காவின் குழுதான் அது!

ஒரு தப்பையும் மறைக்கக் கூடாது. அந்த ஏழு மானிட்டரையும் செம்புக்காக உடைத்து, கண்ணாடியை ஏரிக்கரையில் கொட்டிவிட்டார்கள். அந்தக் கண்ணாடியில் ஈயம் இருக்கிறது. மண்ணுக்கும் தண்ணீருக்கும் கெடுதல். அப்போது நமக்குத் தெரியவில்லை. 2012 மே 1 முதல் மின்னணுக் கழிவுக்குத் தனி விதிகள் வந்துவிட்டன. இப்போது அரசு அலுவலகங்கள் பழுதானதை அனுமதி பெற்றவர்களிடம்தான் கொடுக்க வேண்டும்.

ஏலத்தில் எந்தப் பொருள் எடுத்தாலும் முதல் நாளே போய்ப் பாருங்கள். நிபந்தனையைப் படித்துக் காட்டச் சொல்லுங்கள். வண்டி வாடகையையும் சேர்த்து, இதற்கு மேல் கேட்பதில்லை என்று கூட்டத்தில் தீர்மானம் போட்டுவிட்டுப் போங்கள். 550 ரூபாயில் நாம் படித்த பாடம் இதுதான்.