உப்பும் கற்கண்டும் புரதப் பளிங்கும்

யாழ்ப்பாணக் குடாநாட்டு மக்களுக்குப் பளிங்கு புதிய பொருளன்று. குடாநாட்டை வன்னிப் பெருநிலத்தோடு இணைக்கும் ஆனையிறவிலே, பாத்திகளில் தேக்கிய கடல்நீர் வெயிலில் வற்றி உப்பாக விளைவதைக் கண்டவர்கள் அவர்கள். சுண்ணாம்பு தடவிய முட்டியில் இறக்கிய கருப்பநீரைக் காய்ச்சிப் பாகாக்கி, அதனுள் நூலைத் தொங்கவிட்டுப் பல வாரங்கள் அசையாது வைத்தால், அந்நூலைப் பற்றிப் பனங்கற்கண்டு வளர்வதும் அவர்கள் அறிந்ததே. உப்புக்கு வெயில் போதும். கற்கண்டுக்குப் பொறுமையும் வேண்டும். இவ்விரண்டினும் விளைத்தற்கு அரிய மூன்றாவது பளிங்கொன்று உண்டு. அது புரதத்தின் பளிங்கு.

உயிரின் தொழில்களைப் புரியும் புரத மூலக்கூறு எவ்வடிவினது என்று அறிய எக்ஸ் கதிர்கள் உதவுகின்றன. ஆயினும் ஒரு தனி மூலக்கூறு சிதறச் செய்யும் கதிர் மிக நுண்ணியது. கோடிக்கணக்கான மூலக்கூறுகள் ஒரே முறையில் அணிவகுத்து நின்றால் மட்டுமே அச்சிதறல் ஒன்று திரண்டு படத்திற் பதியும். அவ்வணிவகுப்பே பளிங்கு எனப்படுவது.

உப்பின் அயன்கள் சிறியவை. செங்கற்கள் போல எளிதில் அடுக்கப்படுபவை. புரதமோ ஆயிரக்கணக்கான அணுக்களாலாகிய, மேடும் பள்ளமும் நிறைந்த பெருமூலக்கூறு. ஒன்றையொன்று சில இடங்களில் மட்டுமே தொட்டு நிற்பதால், புரதப் பளிங்கின் ஏறத்தாழ அரைப்பங்கு நீராகவே இருக்கும். கருப்பநீரைப் போல அதைக் காய்ச்சிக் குறுக்கவும் இயலாது. வெந்த முட்டையின் வெண்கரு போலத் திரிந்துவிடும்.

அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகத்து ஜேம்ஸ் சம்னர் என்பவர், இளமையில் வேட்டையின்போது நேர்ந்த விபத்தில் ஒரு கையை இழந்தவர். வாளவரையினத்தைச் சேர்ந்த ஓர் அவரையின் விதையிலிருந்து யூரியேசு என்னும் நொதியத்தைப் பிரித்தெடுக்க 1917ஆம் ஆண்டிலே முனைந்த அவர், 1926ஆம் ஆண்டில் அதனைப் பளிங்காகக் கண்டார். நொதியம் புரதமே என்ற அவர் முடிவை அக்காலத்துப் பேரறிஞர் பலர் ஏற்கவில்லை. 1946ஆம் ஆண்டின் நோபெல் பரிசில் ஒரு பங்கு அவரை வந்தடைந்தபோது அவ்வையம் எப்போதோ தீர்ந்திருந்தது.

பளிங்கு கிடைத்தும் படம் கிடைக்காத துன்பம் அடுத்து எழுந்தது. உலர்ந்த புரதப் பளிங்குகள் தெளிவான படம் தரவில்லை. 1934ஆம் ஆண்டிலே கேம்பிரிட்ஜில் ஜே. டி. பேர்னலும் டொறதி குறோபுட்டும் பெப்சின் பளிங்கை அதன் தாய்க்கரைசலுடன் கண்ணாடி நுண்குழாயில் அடைத்து ஆராய்ந்தனர். ஈரம் நீங்காத அப்பளிங்கு தெளிவான புள்ளிகளைக் காட்டிற்று. பளிங்கினுள்ளிருக்கும் நீரே அதனைத் தாங்கி நிற்கிறது என்பது புலனாயிற்று.

இப் பேர்னலின் பெயர் நம் நாட்டோடும் தொடர்புடையது. இரண்டாம் உலகப்போரில் நேசப்படைகளின் விஞ்ஞான ஆலோசகராக இலங்கையிற் பணியாற்றிய ஜோன் கென்ட்ரூ, இங்கே பேர்னலோடு உரையாடியதாலேயே புரத ஆராய்ச்சியின்பால் ஈர்க்கப்பட்டார். பின்னர் அவர் மயோகுளோபின் என்னும் தசைப் புரதத்தை எடுத்துக்கொண்டார். குதிரையின் மயோகுளோபின் தக்க அளவு பளிங்கைத் தராமையால், வேறு பல விலங்குகளை நாடி ஈற்றில் திமிங்கிலத்தின் தசையிலே வெற்றி கண்டார். அதன் முதல் உருவம் 1958ஆம் ஆண்டில் வெளியாயிற்று.

பேர்னல் 1952ஆம் ஆண்டில் சென்னைக்கும் வந்தார். கொலாஜனின் அமைப்பு இன்னும் தெளிவுறவில்லை என அவர் கூறியது ஜி. என். இராமச்சந்திரனின் உள்ளத்திற் பதிந்தது. கொலாஜன் நாராகத் திரளுமேயன்றிப் பளிங்காக எளிதில் அமைவதில்லை. எனவே இராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் நார்கள் தந்த மங்கலான படங்களைக் கொண்டே மூன்று இழைகள் முறுக்குண்ட வடிவத்தை 1954, 1955ஆம் ஆண்டுகளில் வகுத்தனர். கொலாஜனைப் போன்ற சிறு பெப்தைட்டு ஒன்று பளிங்காகி, அம் முவ்விழையை நுணுக்கமாகக் காட்டியது 1994ஆம் ஆண்டிலேதான். நாற்பது ஆண்டுகள் அதற்குக் காத்திருக்க வேண்டியதாயிற்று.

நீரிழிவு நோயாளருக்கு உயிர்காக்கும் இன்சுலினின் கதையும் இத்தகையதே. ஐம்பத்தோர் அமினோவமிலங்களே கொண்ட அதன் பளிங்கை டொறதி 1935ஆம் ஆண்டிற் படம்பிடித்தார். அமைப்பை 1969ஆம் ஆண்டிலேதான் அறிந்தார்.

இன்றும் தடைகள் தீர்ந்துவிடவில்லை. கரைசல் விரைந்து செறிந்தால் உருவமற்ற வீழ்படிவே எஞ்சும். செறிவு போதாவிடில் துளி தெளிந்தபடியே கிடக்கும். நுண்துளியைக் கண்ணாடித் தகட்டின் அடியில் தொங்கவிட்டு, அதன் நீர் மெல்ல ஆவியாகக் கீழுள்ள செறிந்த கரைசலைச் சேரச் செய்வர். உப்பையும் அமிலத்தன்மையையும் வெப்பத்தையும் மாற்றி மாற்றி நூற்றுக்கணக்கான துளிகளைச் சோதிப்பர். வளைந்து நெகிழும் பெப்தைட்டுகள் பல, பளிங்காகாமல் நாராகிப் போவதுண்டு. பல நாட் காத்திருந்து கண்ட பளிங்கு வெறும் உப்பாக முடிவதும் உண்டு. ஊசியால் அழுத்தினால் உப்புப் பளிங்கு கடினமாக நின்று நொறுங்கும். புரதப் பளிங்கு மென்மையாக உதிரும். உண்மையை அறிய அரிய பளிங்கொன்றை அழிக்கவும் நேரிடும்.

கணினியால் புரத உருவங்களை முன்னுரைக்கும் முறைக்கு 2024ஆம் ஆண்டில் நோபெல் பரிசு கிடைத்தது. அக்கணினி பயின்ற பாடங்கள் பெரும்பாலும் இப்பளிங்குகள் அரைநூற்றாண்டுக்கு மேலாகத் தந்தவை. கற்கண்டுப் பானையைத் தட்டி அசைப்பவனுக்குக் கல் விளையாது என்பதைப் பனையடியில் வாழ்ந்தோர் அறிவர். ஆய்வுகூடத்தினரும் அதையே பட்டுத் தெளிந்தனர்.