மறுபடி வருமா?

ஆபரேஷன் முடிந்த 9ஆம் நாள் காலை, பிளாஸ்டிக் டப்பில் வெந்நீர் ஊற்றி அதில் உட்கார்ந்தபடி ஆபீஸ் மீட்டிங்கில் பேசினேன். கேமராவை அணைத்து வைத்திருந்தேன். எதற்கு ஒரு வாரம் லீவு என்று கேட்டவர்களுக்கு ‘சின்ன சர்ஜரி’ என்று மட்டும் சொல்லியிருந்தேன். குடல்வால் என்றால் குடல்வால் என்றே சொல்லியிருப்பேன். மூலத்துக்கு மட்டும்தான் இந்தப் பொதுப்பெயர் தேவைப்படுகிறது.

ஆஸ்பத்திரியிலிருந்து கிளம்பும்போது டாக்டரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டேன். “மறுபடி வருமா சார்?”

“வரலாம். எடுத்த இடத்துல அவ்வளவு சுலபமா வராது. ஆனா நடுவுல கொஞ்சம் விட்டு வச்சிருக்கோம்ல.”

எதற்கு விட்டு வைக்க வேண்டும்? பாதி பிழையைத் திருத்திவிட்டு மீதியை அப்படியே விடுவார்களா? புண் ஆற நான்கு முதல் ஆறு வாரம் ஆகும் என்றார்கள். உட்காரவும் முடியாமல் தூங்கவும் முடியாமல் கிடந்த அந்த நாட்களில்தான் இந்த நோயின் வரலாற்றைப் படிக்க ஆரம்பித்தேன்.

பழைய வைத்தியர்கள் யாரும் இதைச் சின்ன விஷயமாக நினைக்கவில்லை. ஹிப்போகிரட்டீஸ் பெயரில் உள்ள நூல்களில் ஒன்று முழுக்க மூலத்தைப் பற்றியது. பழுக்கக் காய்ச்சிய இரும்பால் சுடச் சொல்கிறது. சுஸ்ருதர் நான்கு வழிகள் சொல்கிறார்: மருந்து, காரம், நெருப்பு, கத்தி.

1835இல் ஃபிரெடரிக் சால்மன் என்ற அறுவை மருத்துவர் லண்டனில் ஏழு படுக்கைகளோடு ஒரு மருத்துவமனை தொடங்கினார். மூலம், பவுத்திரம் போன்ற நோய்களால் அவதிப்படும் ஏழைகளுக்கென்றே தொடங்கப்பட்டது அது. பிற்காலத்தில் அதற்கு செயின்ட் மார்க்ஸ் என்று பெயர் வந்தது. சால்மனிடம் கத்திக்குப் படுத்தவர்களில் சார்லஸ் டிக்கன்ஸும் ஒருவர். 1841 அக்டோபரில் அவருக்குச் செய்தது பவுத்திர அறுவை. ஈதர் மயக்க மருந்து உலகுக்குத் தெரியவந்தது 1846இல். அப்படியென்றால் டிக்கன்ஸ் முழு நினைவோடு படுத்திருந்தார். மூன்றே மாதத்தில், 1842 ஜனவரியில், அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறிவிட்டார். நான் அப்போது அடுத்த தெருவுக்கு ஆட்டோவில் போகவே பயந்துகொண்டிருந்தேன்.

என் கேள்விக்கான பதில் 1882இல் இருந்தது. மான்செஸ்டரைச் சேர்ந்த வால்ட்டர் ஒயிட்ஹெட் என்னைப் போலவே யோசித்திருக்கிறார். மிச்சம் விட்டால்தானே திரும்ப வரும்? மூலம் உண்டாகும் உட்சவ்வை வட்டமாக, முழுசாக எடுத்துவிட்டுத் தைத்தார். சரியாகச் செய்தால் மூலம் திரும்புவது அரிது. ஆனால் பலருக்கு ஆசனவாய் சுருங்கியது. சிலருக்கு உள்சவ்வு வெளியே தெரிந்து எப்போதும் ஈரம் கசிந்தது. அந்தக் குறைக்கே ஒயிட்ஹெட் பெயர்தான் நிலைத்துவிட்டது.

1937இல் செயின்ட் மார்க்ஸ் மருத்துவர்களான மில்லிகனும் மார்கனும் தங்கள் முறையை வெளியிட்டார்கள். மூன்று இடங்களில் மட்டும் வெட்டி, இடையில் தோலைப் பாலம் போல விட்டுவிட வேண்டும். புண்ணைத் தைக்காமல் திறந்தே விட்டுவிட்டால் அது தானாக ஆறும். எனக்குச் செய்ததும் அதுதான். டாக்டர் விட்டு வைத்தது அந்தப் பாலங்களை. அவை இல்லாவிட்டால் வழியே அடைபட்டுப்போகும்.

இன்னொரு பதில் 1975இல் வந்தது. மூலம் என்பது புதிதாக முளைக்கும் வேண்டாத பொருள் அல்ல என்று தாம்சன் என்ற மருத்துவர் காட்டினார். ரத்தக்குழாய்கள் நிறைந்த மெத்தைகள் பிறந்ததிலிருந்தே எல்லோருக்கும் அங்கே இருக்கின்றன. வாயில் சரியாக மூடிக்கொள்ள அவை உதவுகின்றன. முக்கி முக்கிப் பிடிமானம் தளர்ந்து அவை கீழே சரியும்போதுதான் அதை நோய் என்கிறோம். அப்படியானால் திரும்ப வருவது வெளியிலிருந்து வரும் எதிரி இல்லை. உடம்பில் மிச்சமிருக்கும் மெத்தைதான் மறுபடி சரிகிறது.

1998இல் லாங்கோ என்ற இத்தாலிய மருத்துவர் ஸ்டேப்ளர் முறையை அறிமுகப்படுத்தினார். வலி அதிகம் தெரியாத மேல்பகுதியில் சவ்வை வளையமாக எடுத்து, சரிந்ததை மேலே இழுத்துப் பொருத்துவது. வலி குறைந்தது. ஆனால் 2016இல் பிரிட்டனில் 777 பேரை வைத்து வெளிவந்த ஆய்வில், பழைய வெட்டு முறையைவிட ஸ்டேப்ளருக்குப் பிறகுதான் மூலம் அதிகம் திரும்பியிருந்தது. ஒன்றைக் கொடுத்துத்தான் ஒன்றை வாங்க வேண்டியிருக்கிறது.

அமெரிக்க பேஸ்பால் வீரர் ஜார்ஜ் பிரெட் 1980 உலகத் தொடரின் இரண்டாம் ஆட்டத்தில் மூல வலி தாங்காமல் பாதியில் வெளியேறினார். இடைவெளி நாளில் சின்ன அறுவை. மூன்றாம் ஆட்டத்தில் ஹோம் ரன் அடித்தார். எல்லோரும் சொல்லும் கதை இத்தோடு முடிந்துவிடும். அடுத்த ஆண்டு பயிற்சிக் காலத்தில் இரண்டு வாரம் விடுப்பெடுத்து மீண்டும் மூல ஆபரேஷனுக்குப் போனார் என்பதை அவ்வளவாக யாரும் சொல்வதில்லை.

இதையெல்லாம் ஊரிலிருந்த அப்பாவிடம் போனில் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் ரொம்ப நேரம் பேசவே இல்லை. பிறகு மெதுவாகக் கேட்டார்.

“வெட்டுனாலும் மறுபடி வருமாப்பா?”

“யாருக்குப்பா?”

இருபது வருஷமாக இருக்கிறதாம். அம்மாவுக்குக்கூடத் தெரியாது. துத்தி இலை, கருணைக்கிழங்கு, பஸ் ஸ்டாண்ட் சுவரில் ‘ஆபரேஷன் இல்லாமல்’ என்று விளம்பரம் செய்தவரின் மருந்து, எல்லாம் பார்த்திருக்கிறார். ஒரு வருஷமாக ரத்தம் அதிகம். “மூலம்தானேன்னு விட்டுட்டேன்” என்றார். எனக்குப் பகீரென்றது. ரத்தம் வருவதெல்லாம் மூலமாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. பெருங்குடல் புற்றிலும் வரும். பரிசோதிக்காமல் சொல்ல முடியாது.

மறுவாரம் ஊருக்குப் போய் அவரை அழைத்துக்கொண்டு போனேன். குழாய் விட்டுப் பார்த்தார்கள். மூலம்தான். ஆனால் ஹீமோகுளோபின் 8. வயசாயிடுச்சு, அதான் மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்று நாங்கள் எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தோம்.

சின்ன வயதில் அப்பாவோடு டவுன் பஸ்ஸில் போகும்போது என்னை மட்டும் உட்கார வைப்பார். பக்கத்தில் இடம் காலியாக இருந்தாலும் கம்பியைப் பிடித்து நின்றுகொண்டே வருவார். அது அவருடைய கம்பீரம் என்று பள்ளியில் கட்டுரைகூட எழுதியிருக்கிறேன்.

ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும்போது பஸ் காலியாகத்தான் இருந்தது. இரண்டு பேரும் நின்றுகொண்டே வந்தோம்.