வாக்குறுதிச் சீட்டிலிருந்து கடனட்டை வரை: கொழும்பின் கடன் வரலாறும் மாணவரும்

பொருளியல் வரலாறு எழுதுவோர் உற்பத்திக்கும் வாணிகத்துக்கும் வரிக்கும் அளிக்கும் இடத்தைச் சாதாரண மக்கள் பட்ட கடனுக்கு அளிப்பது அரிது. ஆயினும், மாதச் சம்பளத்தை நம்பி வாழ்வோர் பெருகிய நகரமொன்றின் வரலாறு அந்நகரத்தாரின் கடன் வரலாறுமாகும். கொழும்பு அத்தகைய நகரங்களுள் ஒன்று. கொட்டாஞ்சேனையை அடுத்துள்ள செட்டியார் தெரு கடன் கொடுத்தோரின் நிலைக்களமாக விளங்கியது. தெற்கேயுள்ள வெள்ளவத்தை அரசாங்க இலிகிதர்களும், யாழ்ப்பாணத்திலிருந்தும் பிற பகுதிகளிலிருந்தும் படிக்க வந்த மாணவர்களும் அறை எடுத்துத் தங்கிய இடமாயிற்று. இன்று இவ்விரு பகுதிகளிலும் தங்கிப் பயிலும் மாணவர் கையில் வாக்குறுதிச் சீட்டு இல்லை, கடனட்டை இருக்கக்கூடும். கருவி மாறியதேயன்றிக் கடனாளியை வருத்தும் காரணம் மாறவில்லை என்பதை இவ்வரலாறு புலப்படுத்தும்.

செட்டியார் தெரு

பத்தொன்பதாம் நூற்றாண்டில் கொழும்பில் இயங்கிய ஆங்கிலேய வங்கிகள் தோட்டச் செய்கைக்கும் ஏற்றுமதி வாணிகத்துக்குமே பெரிதும் பணம் கொடுத்தன. உள்ளூர்ச் சிறு வணிகருக்கும் நிலவுடைமையாளருக்கும் அவ்வங்கிகளின் கதவு எளிதில் திறக்கவில்லை. இவ்விடைவெளியை நிரப்பியவர்கள் தமிழ்நாட்டின் செட்டிநாட்டுப் பகுதியிலிருந்து வந்த நாட்டுக்கோட்டை நகரத்தார் ஆவர். இவர்கள் கொட்டாஞ்சேனையில் நெடுங்காலம் வாழ்ந்துவந்த கொழும்புச் செட்டிமாரின் வேறானவர்கள் என்பது மனங்கொள்ளத்தக்கது. தம் சொந்த முதலோடு வங்கிகளிடம் பெற்ற பணத்தையும் சேர்த்து, அதனிலும் உயர்ந்த வட்டிக்கு உள்ளூராருக்கு இவர்கள் கொடுத்தனர். கிட்டங்கிகளில் முகவர்கள் பெட்டியடியில் அமர்ந்து பேரேடு எழுதினர். செட்டியார் தெருவின் கதிரேசன் கோயில்களிலிருந்து பம்பலப்பிட்டிக்குச் செல்லும் ஆடிவேல் விழா இவர்களது செல்வாக்குக்கு இன்றும் சான்றாக உள்ளது.

1925 ஆம் ஆண்டில் பெரிய செட்டியார் நிறுவனமொன்று முறிவடைந்ததும், வங்கிகள் ஏனைய செட்டியார்களுக்கும் கொடுத்துவந்த கடனைச் சுருக்கின. அவர்கள் தம்மிடம் கடன்பட்டோரை நெருக்கவேண்டியவராயினர். அடுத்து வந்த உலகப் பொருளாதார மந்தம் நெருக்கடியை முற்றச் செய்தது. ஈடு வைக்கப்பட்ட நிலங்கள் பல கைமாறின. கடன் கொடுத்தவனும் ஒரு கடனாளியே என்பதையும், மேலே தளர்ந்தால் கீழுள்ளவனே முதலில் நசுங்குவான் என்பதையும் அந்நிகழ்ச்சி காட்டிற்று. 1934 இல் சேர் சொராப்ஜி பொச்கானவாலா தலைமையில் அமைந்த வங்கி ஆணைக்குழு நிலைமையை ஆராய்ந்தது. அதன் விளைவாக 1939 ஓகஸ்ட் 1 ஆம் திகதி இலங்கை வங்கி திறக்கப்பட்டது. சுதந்திரத்தின் பின் வந்த குடிவரவுச் சட்டங்களும் அந்நியச் செலாவணிக் கட்டுப்பாடும் நகரத்தாரின் கடன் தொழிலை ஏறத்தாழ முடிவுக்குக் கொண்டுவந்தன. செட்டியார் தெருவில் இன்று நகைக்கடைகளும் அடகுகடைகளுமே மிகுந்துள்ளன.

சம்பளக்காரரும் சட்டமும்

செட்டியாரிடம் கடன் பெறுதற்கு நிலமோ நம்பத்தக்க வணிகமோ வேண்டும். இவை இல்லாத சிறு உத்தியோகத்தரும் தொழிலாளரும் ஆப்கானிய வட்டிக்காரரை நாடினர். அவர்கள் வேண்டிய ஈடு ஒன்றே: இன்னும் உழைக்கப்படாத அடுத்த மாதச் சம்பளம். அரசாங்க ஊழியர் கடனில் மூழ்குவதைத் தடுக்க 1899 இலேயே பொதுச் சேவையாளர் பொறுப்புகள் கட்டளைச்சட்டம் இயற்றப்பட்டது. குறித்த எல்லைக்கு உட்பட்ட சம்பளம் பெறுவோர்மீது கடனுக்காக வழக்குத் தொடுப்பதை அது மட்டுப்படுத்திற்று. நீதிமன்ற வாயில் அடைபட்ட இடத்தில், வட்டிக்காரர் சம்பள நாளன்று அலுவலக வாயிலில் நின்றனர். வழக்கிட முடியாத கடனுக்கு வட்டி குறைவாயிருக்கும் என எதிர்பார்த்தற்கில்லை. கடனாளியைக் காக்கவென எழுந்த சட்டம் கடனின் விலையைக் குறைக்கவில்லை.

இதனினும் ஆழமான நோக்குடையது 1918 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்கப் பணக்கடன் கட்டளைச்சட்டம். கடுமையும் நியாயமின்மையும் உடைய கடன் கொடுக்கல் வாங்கலை மீளத் திறந்து பார்க்க அது நீதிமன்றத்துக்கு அதிகாரம் அளித்தது. அதனினும் சிறப்பாக, கடனுக்கு ஈடாக எழுதப்படும் வாக்குறுதிச் சீட்டில் மூன்று விடயங்கள் காணப்படல் வேண்டும் என விதித்தது. உண்மையிற் கைமாறிய முதல் எவ்வளவு. வட்டியாகவோ கட்டணமாகவோ முற்கூட்டிக் கழிக்கப்பட்டது எவ்வளவு. ஆண்டுக்கு நூற்றுக்கு எத்தனை வட்டி என்பன அவை. 70 ரூபாவைக் கொடுத்து 100 ரூபாவுக்குச் சீட்டு எழுதி வாங்கும் வழக்கத்துக்கு எதிராக எழுந்த விதி இது. கடன் கொடுத்தலை இச்சட்டம் தடைசெய்யவில்லை. கடனின் உண்மையான விலையை மறைத்தலையே தடைசெய்தது.

உரோமன் டச்சுச் சட்ட மரபிலும் இந்துச் சட்ட மரபிலும், நிலுவை வட்டி முதலை விஞ்சலாகாது என்னும் கொள்கை உண்டு. வட்டியின் பெருக்கத்துக்கு ஓர் எல்லை வேண்டும் என்ற எண்ணம் கீழைத்தேயத்துக்கும் மேலைத்தேயத்துக்கும் பொதுவாயிருந்தமை வியத்தற்குரியது.

வட்டிக்காரரை நாடாது தமக்குள்ளே பணம் திரட்டிய வழிகளும் இருந்தன. 1911 இன் சட்டத்தோடு கூட்டுறவுக் கடன் சங்கங்கள் தோன்றின. அயலவரும் அலுவலக நண்பரும் கூடிப் பிடித்த சீட்டு மிகப் பரவலாயிருந்தமையால், 1935 இல் அதற்கெனத் தனிக் கட்டளைச்சட்டம் வேண்டியதாயிற்று. சீட்டுப் பிடிப்போர் ஒருவரையொருவர் அறிவர். தவணை தவறின் வட்டியினும் மானம் முதலிற் போகும். அந்த அச்சமே பலரைக் காத்தது.

அட்டையின் வருகை

கடனட்டையின் வரலாறு குறுகியது. 1950 இல் நியூயோர்க்கில் டைனர்ஸ் கிளப் தோன்றியது. 1958 இல் பாங்க் ஒப் அமெரிக்கா கலிபோர்னியாவின் பிரெஸ்னோ நகரத்தவர்க்கு ஏறத்தாழ 60,000 அட்டைகளை, அவர்கள் கேளாமலே, அஞ்சலில் அனுப்பியது. அதுவரை கடன் வேண்டியவன் கடன் கொடுப்போனைத் தேடிச் சென்றான். அன்றுமுதல் கடன் அவனைத் தேடி வந்தது. மேலும், ஒவ்வொரு கடனுக்கும் தனிச் சீட்டு எழுதிக் கையொப்பமிடும் நிலை ஒழிந்தது. ஒரு முறை இட்ட கையொப்பம் பின்வரும் எல்லாக் கடன்களுக்கும் போதுமானதாயிற்று. சீட்டில் ஒப்பமிடும்போது எழும் தயக்கமும் அதனோடு மறைந்தது.

இலங்கையில் இவ்வட்டைகளின் வட்டி அண்மை ஆண்டுகளில் பெரிதும் மாறியுள்ளது. 2020 ஓகஸ்டில் மத்திய வங்கி விதித்த மேலெல்லை ஆண்டுக்கு 18 வீதம். பொருளாதார நெருக்கடியின்போது 2022 ஏப்பிரலில் அவ்வெல்லை நீக்கப்பட்டது. அவ்வாண்டிலேயே வட்டி 36 வீதம் வரை உயர்ந்தது. 2023 ஓகஸ்டில் மத்திய வங்கி மீண்டும் தலையிட்டு 28 வீத எல்லையை விதித்தது. ஒருவர் பொருள் வாங்கிய நாளிலிருந்த வட்டி, அவர் கடனைத் தீர்க்கும் நாளில் இரட்டிப்பாயிருக்கலாம் என்பதற்கு இதுவே சான்று.

குறைந்தபட்சக் கட்டணம் என்பதன் பொருளைக் கணக்கொன்றால் விளக்கலாம். ஒருவர் 50,000 ரூபா நிலுவை வைத்திருக்கிறார் எனக் கொள்வோம். ஆண்டு வட்டி 36 வீதமெனின் மாத வட்டி 3 வீதம். அவர் மாதந்தோறும் நிலுவையில் 5 வீதமே செலுத்தி, புதிதாக எதுவும் வாங்காதிருப்பின், ஓராண்டில் ஏறத்தாழ 27,500 ரூபா செலுத்தியிருப்பார். ஆயினும் அவரது கடன் ஏறத்தாழ 38,500 ரூபாவாகவே இருக்கும். செலுத்தியதில் 16,000 ரூபா வரை வட்டிக்கே சென்றது. வெள்ளவத்தையில் அறையொன்றைப் பகிர்ந்து வாழும் மாணவனுக்கு இது பல மாத வாடகையாகலாம்.

மாணவர் நிலை

1945 இலிருந்து இலவசக் கல்வி நடைமுறையில் உள்ளமையால், அரச பல்கலைக்கழக மாணவர் படிப்புக் கட்டணத்துக்காகக் கடன்படுவதில்லை. 1981 இல் நிறுவப்பட்ட மகாபொல புலமைப்பரிசிலும் பலருக்குத் துணையாயிற்று. எனினும் வாடகையும் உணவும் போக்குவரத்தும் இலவசமல்ல. வருமானமில்லாத மாணவனுக்கு வங்கி பொதுவாகத் தனி அட்டை வழங்குவதில்லை. தந்தையின் அட்டைக்குத் துணை அட்டையாகவே அது அவன் கைக்கு வருகிறது. அவன் செலவிடும் ஒவ்வொரு ரூபாவுக்கும் பொறுப்பாளி தந்தையே. பட்டம் பெற்று முதற் சம்பளம் வாங்கியதும் சொந்த அட்டை வருகிறது. அப்பொழுது தவறும் தவணைகள், 1990 இன் சட்டத்தால் அமைந்த கொடுகடன் தகவல் பணியகத்தின் பதிவிலும் ஏறுகின்றன. பின்னர் வீட்டுக் கடன் கேட்டுச் செல்லும்போது அப்பதிவு எதிரே நிற்கும்.

ஆகவே, 1918 இன் சட்டம் சீட்டில் எழுதுவித்த மூன்று விடயங்களையும் இன்றைய மாணவன் தானே எழுதிப் பார்த்தல் நன்று. வாங்கும் பொருளின் உண்மை விலை யாது? ஆண்டுக் கட்டணம், தாமதக் கட்டணம், வட்டியில்லாத் தவணை எனப்படுவதன் கையாளுகைக் கட்டணம் ஆகியன எவ்வளவு? ஆண்டு வட்டி எத்தனை வீதம்? இம்மூன்றையும் அறிந்தபின், குறித்த திகதிக்குள் நிலுவை முழுவதையும் தீர்க்க இயலுமெனின் அட்டை வசதியான கருவியே. இயலாதெனின், அது அலுவலக வாயிலில் சம்பள நாளுக்காகக் காத்துநின்ற வட்டிக்காரரின் வேறன்று. அட்டையைக் கொண்டு பணமாக எடுத்தாலோ, பொதுவாக அன்றே வட்டி தொடங்கிவிடும்.

கொழும்பில் கடன் கொடுத்தோர் மாறிமாறி வந்தனர்; செட்டியாரும் ஆப்கானியரும் சென்றனர், வங்கிகள் நிலைத்தன. கடனால் அழிந்தோரை நோக்கின், அவருட் பலர் கடன் வாங்கியமையால் மட்டும் அழிந்தவரல்லர். அதன் விலையை எண்ணிப் பாராது, இன்னும் வராத சம்பளத்தை முற்கூட்டியே செலவிட்டமையால் அழிந்தவராவர். சட்டம் அவ்விலையை எழுதிக் காட்டச் செய்யலாம். அதனைப் படித்தறிதல் கடன் பெறுவோனின் கடமையே.