வினையும் அருளும்

சைவர் வினையை நம்புவோர், கிறிஸ்தவர் அருளை நம்புவோர் என இருதிறத்தாரையும் ஒரு வாக்கியத்திற் பிரித்துக் கூறும் வழக்கொன்று நெடுங்காலமாக நிலவுகின்றது. வினைக்கொள்கை கணக்கனது ஏடு போல்வது, செய்தது செய்தவனையே சாரும், இடையே இறைவன் இரங்குதற்கு இடமில்லை என்பது அவ்வழக்கின் உட்கிடை. பாதிரிமார் எழுதிய கண்டன நூல்களாற் பரவிய இக்கூற்றைச் சைவருள்ளும் சிலர் ஆராயாது உடன்படுகின்றனர். இஃது எத்துணைப் பொருந்தும் என்பதை இரு சமயங்களின் வரலாறு கொண்டே ஈண்டு ஆராய்வாம்.

தமிழ் விவிலியத்திற் கிருபை எனப் பெயர்பெற்ற அருள், கிறிஸ்தவர் தம்முள்ளே வாதமின்றி நின்ற பொருளன்று. கி. பி. ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெலேஜியஸ் என்னும் பிரித்தானியத் துறவி உரோமாபுரியில் வாழ்ந்தனர். அங்குள்ள கிறிஸ்தவரது ஒழுக்கத் தளர்ச்சியைக் கண்டு வருந்திய அவர், இறைவன் ஒன்றனைச் செய்கவெனக் கட்டளையிட்டானாயின் அதனைச் செய்யும் ஆற்றலையும் மனிதனுக்கு அளித்தேயிருத்தல் வேண்டும் எனப் போதித்தனர். வட ஆப்பிரிக்காவில் ஹிப்போ நகரத்து மேற்றிராணியாராயிருந்த அகஸ்தீன் (354–430) இதனை வன்மையாக மறுத்தனர். ஆதிமனிதன் வீழ்ச்சியால் மக்களது இச்சையே கெட்டுப்போயிற்று என்பதும், நன்மையை விரும்புதற்கும் அருள் முற்பட்டு வருதல் வேண்டும் என்பதும், தகுதிநோக்கிக் கொடுக்கப்படுவது கூலியாகுமன்றி அருளாகாது என்பதும் அவர் கோட்பாடு. 418-ஆம் ஆண்டிற் கார்த்தேஜ் நகரத்துக் கூடிய சங்கம் பெலேஜியஸ் கொள்கையை விலக்கிற்று.

ஆயினும் வழக்குத் தீர்ந்திலது. தகுதி காரணமன்றெனின், ஒருவனுக்கு அருள் வருதலும் மற்றொருவனுக்கு வாராமையும் எதனால்? இறைவனுக்குப் பட்சபாதம் எய்தாதோ? இவ்வினாவுக்கு, அஃது இறைவனது ஆராய்தற்கரிய தீர்ப்பு, அதனில் அநீதியில்லை என்பதே அகஸ்தீன் கூறிய விடை. 529-ஆம் ஆண்டில் ஒராஞ்சு நகரத்துக் கூடிய சங்கம், அருளே முற்படுவது என்பதை உடன்பட்டு, இறைவன் சிலரைத் தீமைக்கென்றே முன்குறித்தான் என்பதை மறுத்தது. பதினாறாம் நூற்றாண்டில் லூத்தர், கால்வின் என்போரால் அவ்வழக்கு மீளவும் எழுந்தது. 1547-இல் திரெந்துச் சங்கத்தார் ஒருவகையாகவும், 1618–1619-இல் ஒல்லாந்து தேசத்துத் தோர்த்து நகரிற் கூடியோர் வேறொருவகையாகவும் முடிவு கூறினர். இங்ஙனம் ஆயிரத்திருநூறு ஆண்டுகளாக அவர் தம்முள் ஆராய்ந்த வினா ஒன்றே: முற்படுவது உயிரின் முயற்சியோ, இறைவனது அருளோ?

இனித் தமிழகத்தை நோக்குவாம். வினை தானே தன் பயனைத் தரும், தருதற்கு இறைவன் வேண்டா எனக் கொண்டோர் ஈண்டும் இருந்தனர். மீமாஞ்சகரும் சமணரும் அன்னோர். பதின்மூன்றாம் நூற்றாண்டிலே அருணந்தி சிவாசாரியர் சிவஞானசித்தியார்ப் பரபக்கத்தில் இவர் கொள்கைகளை எடுத்து மறுத்தனர். வினை சடம், உயிரோ தனக்குரிய வினையைத் தானே தேர்ந்தெடுத்து நுகரும் அறிவில்லது, ஆகலின் அறிவுடைய முதல்வனொருவனே வினைப்பயனை ஊட்டுதற்குரியன் என்பது சித்தாந்தம். அங்ஙனம் ஊட்டுதலையும் ஆசிரியர் கருணையின்பாற்படுத்தே கூறினர். சொற்கேளாத மைந்தனைத் தந்தை ஒறுத்தலும், மருத்துவன் புண்ணை அறுத்துக் கீறுதலும் அவர் காட்டிய உவமைகள். எனவே, இறைவனுக்கு இடமின்றி இயங்கும் வினை என்று பாதிரிமார் எதனைக் கண்டித்தனரோ, அதனை அவர் வருமுன்னரே கண்டித்தொழித்தது சைவம் என்க.

சங்கற்பநிராகரணத்தைச் சகாத்தம் 1235, அஃதாவது கி. பி. 1313-இல் இயற்றிய உமாபதி சிவாசாரியர், திருவருட்பயன் என்னும் நூலைப் பத்து அதிகாரங்களாக வகுத்தனர். அவற்றுள் இருண்மலத்துக்கு ஓரதிகாரம் உண்டு; அருளின் பெயர்பூண்ட அதிகாரங்கள் மூன்று உள. வினைக்கெனத் தனியதிகாரம் இல்லை. வினையைத் தலைமையாகக் கொண்ட சமயமாயின் அதன் சாத்திரம் இங்ஙனம் அமையுமோ?

திருநாவுக்கரசு நாயனார் வரலாறு இதற்குச் சிறந்த சான்று. தருமசேனராய்ச் சமணப் பள்ளியிலிருந்த அவரைச் சூலை பற்றியது. முற்பிறப்பிற் புரிந்த தவத்தில் நேர்ந்த சிறுவழுவை ஏதுவாகக் கொண்டு, ஆட்கொள்ளுதற்பொருட்டு இறைவனே அந்நோயைத் தந்தான் என்பது சேக்கிழார் திருவுளம். சமணரது மந்திரமும் மயிற்பீலியும் அதனை மாற்றமாட்டாவாயின. தமக்கையார் திலகவதியார் வேண்டுகோளும், அவர் கையால் இட்ட திருநீறும், அதிகை வீரட்டானத்துச் சந்நிதியும் மாற்றின. ஈண்டு வினையே நோயாயிற்று. அந்நோயே அருளின் வாயிலாயிற்று. இரண்டனையும் பகைப்பொருளாகக் கொண்டார்க்கு இவ்வரலாறு விளங்குமாறில்லை.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இரு சமயமும் நேர்நின்று ஒன்றையொன்று நோக்கின. யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டைக் கல்லூரித் தலைவராயிருந்த ஹொய்சிங்டன் என்னும் அமெரிக்கப் பாதிரியார் சிவஞானபோதத்தையும் சிவப்பிரகாசத்தையும் ஆங்கிலத்திற் பெயர்த்தனர். அப்பெயர்ப்பு 1854-இல் வெளிவந்தது. அவ்வாண்டிலேயே, பார்சிவல் பாதிரியாருக்கு விவிலிய மொழிபெயர்ப்பில் உதவிசெய்தவராகிய ஸ்ரீலஸ்ரீ ஆறுமுக நாவலர் சைவதூஷணபரிகாரத்தை வெளியிட்டனர். 1900-இல் திருவாசகத்தை ஆங்கிலத்தில் வெளியிட்ட போப்பையர் திருவருட்பயனையும் அந்நூலிற் பெயர்த்துச் சேர்த்தனர். சைவத்தை அருட்சமயமாக மேல்நாட்டார் அறிதற்கு இம்முயற்சி பெரிதும் பயன்பட்டது.

இனி, இருபாலாரும் ஒன்றே கூறினர் எனக் கொள்ளுதலும் பிழையாம். கிறிஸ்தவர்க்கு மூலக்குற்றம் காலத்தில் நிகழ்ந்த ஒரு செயல்; ஆகலின் அருள் முதற்கண் மன்னிப்பாய் நிற்கும். நமக்கோ ஆணவம் செம்பிற் களிம்புபோல அநாதி. ஆகலின் அருள் முதற்கண் இருள் நீக்கும் ஒளியாய் நிற்கும். அவர்க்குப் பிறவி ஒன்றே, நமக்குப் பல. ஒரு பிறவியே உளதெனக் கொண்டமையாலேயே, அருள் ஒருவர்க்கு வந்து ஒருவர்க்கு வாராமைக்கு ஏதுக்கூறலாகாது அகஸ்தீன் இடர்ப்பட்டனர். சித்தாந்திகள் அவ்வேறுபாட்டை மலபரிபாகத்தின்மேல் வைத்துப் பட்சபாதத்தை விலக்கினர்.

அற்றேல், பரிபாகம் நோக்கியே சத்திநிபாதம் நிகழுமாயின், அகஸ்தீன் கூறியவாறு அருளும் கூலியாய் முடியாதோ எனின், முடியாது. யாங்ஙனமெனின், பரிபாகம் உயிர் தானே ஈட்டிய பொருளன்று. மலத்தோடுடனின்று அதனைப் பக்குவப்படுத்துவது திரோதான சத்தி. மலமென அதனை வழங்குதல் உபசாரமாத்திரையே. உண்மையில் அது சிவசத்தியேயாம். வெயிலாற் கனிந்த கனி, கனிந்தமைக்கு விலைதருகவென ஞாயிற்றைக் கேட்குமோ? வினையை ஊட்டிக் கனிவித்ததும் அருளே; கனிந்தபின் குருவாய் வந்து சஞ்சிதத்தைத் தீக்கையால் எரிப்பதும் அவ்வருளே. முன்னது மறைந்துநின்ற அருள். பின்னது வெளிப்பட்ட அருள்.

இவ்வுண்மையை மறந்தமையால் விளைந்த கேடு சிறிதன்று. அயலான் பசித்துக்கிடப்பக் கண்டு, அஃது அவன் வினை எனக் கூறி அகல்வார் நம்மவருள் உளர். சூலையால் வருந்திய தம்பியாரை அவர் வினையென்று விடுத்துத் திலகவதியார் கதவடைத்தனரோ? பஞ்சகாலத்தில் அப்பரும் சம்பந்தரும் திருவீழிமிழலையிற் படிக்காசு பெற்று அடியார்க்கு அமுதளித்ததும் வினைக்கு மாறாகுமோ? அருள் உண்டாதலின் பாவஞ்செய்யலாமோ என உரோமர்க்கு எழுதிய நிருபத்திற் பவுல் தாமே வினாவிக் கடிந்தமையால், தமக்குரிய கொள்கையைத் தம் சோம்பருக்கு மறைவாக்குவோர் அப்பாலும் இருந்தமை பெறப்படும். வினை இறைவன் கையிலுள்ள கருவி என்றறிந்தவன், தன் துன்பத்திற் கலங்கான். பிறர் துன்பத்தில் அவ்விறைவனுக்கு ஏவல்செய்ய முற்படுவான். அங்ஙனம் முற்படுதலும் அவன் செயலன்று, அருளின் செயலே என்றறிதல் சித்தாந்த சைவர் கடனாம்.

திருச்சிற்றம்பலம்.