ஓடி வந்த குழந்தையும் திருப்பி அனுப்பிய வீடும்

சாரல் காலம் தொடங்கியதும் குற்றாலத்திற்குப் பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிய பேருந்துகள் வரிசையாக வந்துவிடுகின்றன. வழுக்குப்பாறையைப் பற்றியும் திடீர் வெள்ளத்தைப் பற்றியும் எச்சரிக்கக் காவலர்கள் நிற்கிறார்கள். "வாத்தியார் கூடவே இருக்கிறார், பயமில்லை" என்பதே வீட்டிலிருக்கும் தாயின் நிம்மதி. அந்த நம்பிக்கைக்குத் தகுதியானவர்களே ஆசிரியரில் மிகப் பலர். ஆயினும் அந்த நம்பிக்கையையே போர்வையாக்கிக் கொண்டு பிள்ளைகளைப் பாலியல் துன்பத்திற்கு ஆளாக்கும் சிலரும் உளர். அவர்களைப் பற்றி வாய் திறக்க நாம் எத்தனை காலம் எடுத்துக்கொண்டோம் என்பதைச் சற்றே திரும்பிப் பார்ப்போம்.

தென்காசியிலிருந்து மலையடிவாரமாகவே தெற்கே சென்றால், களக்காட்டுக்கு அப்பால் டோனாவூர் இருக்கிறது. அவ்வூரின் பெயரை உலகறியச் செய்தவர் அயர்லாந்திலிருந்து வந்த ஏமி கார்மைக்கேல் அம்மையார். அவர் நம் திருச்சபையைச் சார்ந்தவர் அல்லர்; அதனால் அவர் பணி நமக்கு அந்நியமாகிவிடாது. 1901 மார்ச்சில், பண்ணைவிளையில், ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி அவரிடம் ஓடி வந்தாள். தேவதாசியாக்குவதற்கென்று ஒப்படைக்கப்பட்டவள் அவள். அதற்கு முன்பும் ஒருமுறை தப்பித் தன் தாயிடமே ஓடியிருந்தாள். தாயோ, தேடி வந்தவர்களிடம் அவளைத் திரும்பக் கொடுத்துவிட்டாள். தண்டனையாக அவள் கைகளில் சூடு வைத்தார்கள் என்று ஏமி எழுதினார்.

அந்தத் தாயைக் கொடியவள் என்று சொல்லிவிடுவது எளிது. ஊருக்கும் வழக்கத்திற்கும் அஞ்சியவள் என்றே நாம் கருதுகிறோம். குழந்தை வாய் திறந்து சொல்லியும் பெரியவர்கள் அவளை அதே இடத்திற்குத் திருப்பி அனுப்பினார்கள் என்பதே இங்கு நாம் கவனிக்க வேண்டியது. 1918 முதல் டோனாவூர் ஆண்பிள்ளைகளுக்கும் புகலிடமாயிற்று. நாடகக் குழுக்களுக்கு விற்கப்பட்ட சிறுவர்களின் நிலையை அம்மையார் அறிந்திருந்தார்.

சட்டம் அவ்வளவு விரைவாக அறியவில்லை. 1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டம் பாலுறவுக்குச் சிறுமியின் இசைவு செல்லும் வயதைப் பத்து என்று வைத்திருந்தது. 1891இல் அது பன்னிரண்டாயிற்று. வன்புணர்ச்சி என்ற குற்றம் பெண்ணுக்கு எதிரானதாக மட்டுமே வரையறுக்கப்பட்டிருந்ததால், சிறுவனுக்கு நேர்ந்த கொடுமை இயற்கைக்கு மாறான உறவைப் பற்றிய 377ஆம் பிரிவில் ஒதுங்கிக் கிடந்தது. 2007இல் நடுவண் அரசு வெளியிட்ட ஆய்வு பதின்மூன்று மாநிலங்களில் 12,447 பிள்ளைகளிடம் கேட்டறிந்தது. அவர்களில் நூற்றுக்கு ஐம்பத்து மூவர் ஏதேனும் ஒருவகைப் பாலியல் துன்பத்தைச் சந்தித்திருந்தனர். அவர்களுள் பாதிக்குமேல் ஆண்பிள்ளைகள்! துன்புறுத்தியவர்களில் பாதிப்பேர் பிள்ளைக்குத் தெரிந்தவர்கள் அல்லது பொறுப்பில் இருந்தவர்கள். பெரும்பாலான பிள்ளைகள் எவரிடமும் சொல்லவில்லை.

நம் வீட்டைப் பற்றியும் பேசியாக வேண்டும். துறவற சபைகள் நடத்திய பள்ளிகளையும் விடுதிகளையும் ஆராய்ந்த அயர்லாந்து ஆணையம் 2009 மே மாதம் அறிக்கை தந்தது. ஆண்பிள்ளைகள் தங்கிய நிறுவனங்களில் பாலியல் கொடுமை வேரோடிப் போயிருந்ததையும், அதிகாரிகள் புகாருக்குள்ளானவரை வேறிடத்திற்கு மாற்றிவிட்டு நிறுவனத்தின் பெயரைக் காத்துக்கொண்டதையும் அது வெளிப்படுத்திற்று. இத்தகைய குற்றங்களைத் திருச்சபை அதிகாரிகளிடம் அறிவிப்பதைத் திருத்தந்தை பிரான்சிஸ் 2019இல் குருக்களுக்கும் துறவியருக்கும் கடமையாக்கினார். தாமதமான ஆணைதான், ஆனால் தெளிவானது.

இந்தியாவில் 2012 நவம்பர் 14 அன்று 'போக்சோ' சட்டம் நடைமுறைக்கு வந்தது. பதினெட்டு வயதுக்குட்பட்ட அனைவரும், ஆண் பெண் வேறுபாடின்றி, அதன் பாதுகாப்புக்குள் வந்தனர். கல்வி நிறுவனத்திலோ சமய நிறுவனத்திலோ பொறுப்பில் இருப்பவர் அங்குள்ள பிள்ளைக்குச் செய்யும் குற்றத்தை அது கடுமையான குற்றமாக்கியது. அதைவிட முக்கியமானது, தெரிந்தும் காவல்துறைக்குச் சொல்லாதவரும் குற்றவாளி என்பது. தமக்குக் கீழுள்ளவர் செய்த குற்றத்தை மறைக்கும் நிறுவனத் தலைவருக்கு ஓராண்டு வரை சிறை உண்டு. "பள்ளிக்குள்ளேயே பேசி முடித்துவிடலாம்" என்ற பழைய பெருந்தன்மைக்கு இனி இடமில்லை.

தென்காசி 2019 நவம்பர் 22 அன்று தனி மாவட்டமாயிற்று. முன்பு ஒரு முறையீட்டுக்குத் திருநெல்வேலிவரை போக வேண்டியிருந்தவர்களுக்கு மாவட்ட அலுவலகங்கள் அருகில் வந்துவிட்டன. 1098 என்ற எண்ணுக்குக் கட்டணமும் இல்லை. எனினும், வீட்டு வாசலில் பீடி சுற்றிக்கொண்டே பிள்ளைகளைப் படிக்கவைக்கும் தாய்க்கு, "வெளியே சொன்னால் பிள்ளையின் பெயர் கெட்டுவிடுமே" என்ற அச்சம் இன்றும் இருக்கிறது. பிள்ளையின் வாக்குமூலத்தைச் சீருடை அணியாத அலுவலர், கூடியவரை பெண் அலுவலர், பிள்ளையின் வீட்டுக்கே வந்து பதிவு செய்யவேண்டும் என்றும், பிள்ளையின் பெயரையோ படத்தையோ பள்ளியையோ எந்த நாளிதழும் வெளியிடக்கூடாது என்றும் அதே சட்டம் கூறுகிறது. நம் பள்ளிகளின் பெற்றோர் கூட்டங்களில் கட்டணத்தைப் பற்றியும் மதிப்பெண்ணைப் பற்றியும் விரிவாகப் பேசப்படுகிறது. இதை அந்தத் தாய்க்கு எடுத்துச் சொன்ன கூட்டங்கள் எத்தனை?