டர்ட்டி லாண்ட்ரி (குறும்படம்)

டர்ட்டி லாண்ட்ரி 2012இல் வெளிவந்த அமெரிக்க அதிரடிக் குறும்படம். மார்வெல் சித்திரக்கதைகளில் வரும் ‘பனிஷர்’ என்ற பாத்திரத்தை வைத்து எடுக்கப்பட்டது. ஏறத்தாழ 10 நிமிடம் ஓடும். பில் ஜொவானோ இயக்க, இந்தியாவில் பிறந்த ஆதி சங்கர் தயாரித்தார். தாமஸ் ஜேன், ரான் பெர்ல்மன், சாமி ரொடிபி ஆகியோர் நடித்துள்ளனர். 2012 ஜூலையில் சான் டியேகோ காமிக்-கான் விழாவில் முதலில் திரையிடப்பட்டு, பின்னர் யூடியூபில் இலவசமாக வெளியானது. மார்வெல் நிறுவனத்தின் அதிகாரபூர்வத் தயாரிப்பு அன்று. ரசிகர் படம் என்ற வகையைச் சேர்ந்தது.

பாத்திரத்தின் வரலாறு

எழுத்தாளர் ஜெர்ரி கான்வேயும் ஓவியர்கள் ஜான் ரொமீட்டா, ராஸ் ஆண்ட்ரூ ஆகியோரும் பனிஷரை உருவாக்கினர். 1974 பிப்ரவரி தேதியிட்ட ‘தி அமேசிங் ஸ்பைடர்-மேன்’ 129ஆம் இதழில் இப்பாத்திரம் அறிமுகமானது. பனிஷரின் இயற்பெயர் ஃபிராங்க் காசில். முன்னாள் கடற்படைக் காலாட்படை வீரர். குற்றக் கும்பலின் துப்பாக்கிச் சூட்டில் மனைவியையும் பிள்ளைகளையும் பறிகொடுத்தவர். அதன்பின் சட்டத்தைத் தம் கையில் எடுத்துக்கொண்டு குற்றவாளிகளைக் கொல்வதே வாழ்க்கையாகிறது. மார்பில் அணியும் வெள்ளை மண்டையோடு இவருடைய அடையாளம்.

திரையில் 1989இல் டால்ஃப் லண்ட்கிரெனும், 2004இல் தாமஸ் ஜேனும், 2008இல் ரே ஸ்டீவன்சனும் இப்பாத்திரத்தை ஏற்றனர். 2008ஆம் ஆண்டுப் படத்தின் திரைக்கதை பிடிக்காமல் விலகிய ஜேன், பாத்திரத்தின் மீது கொண்ட பற்றினால் இக்குறும்படத்தில் மீண்டும் நடித்தார்.

கதைச் சுருக்கம்

வறுமையும் அடிதடியும் நிறைந்த ஒரு நகர்ப்புறத் தெருவில், தம் வேனில் உறங்கி எழும் ஒருவர் அழுக்குத் துணிகளை எடுத்துக்கொண்டு சலவையகத்துக்குப் போகிறார். அவர் யாரென்று படம் உடனே சொல்வதில்லை. கோல்டி என்பவனின் கும்பல் தெருவில் ஒரு பாலியல் தொழிலாளியைத் தாக்குகிறது. அவர் பார்க்கிறார், தலையிடாமல் நடக்கிறார். போதைப்பொருள் விற்கச் சொல்லி ஒரு சிறுவனைக் கும்பல் மிரட்டுகிறது. மறுத்த சிறுவனுக்கு அடி விழுகிறது. அப்போதும் அவர் கடந்து போய், எதிரிலிருக்கும் மதுக்கடையில் யூ-ஹூ என்ற சாக்லேட் பானம் வாங்குகிறார்.

கடைக்காரர் பிக் மைக் சக்கர நாற்காலியில் இருப்பவர். முன்பொருமுறை அநியாயம் கண்டு குறுக்கே போனதால் தமக்கு இந்த நிலை வந்ததைச் சொல்கிறார். கேட்டு முடித்தவர் ஒரு ஜாக் டேனியல்ஸ் புட்டியையும் வாங்கிக்கொண்டு வெளியே வருகிறார். அந்தப் புட்டியையே ஆயுதமாக்கிக் கும்பலை அடித்து வீழ்த்துகிறார். நகர முடியாமல் கிடக்கும் கோல்டியின் மேல் மதுவை ஊற்றி, நீதிக்கும் தண்டனைக்கும் உள்ள வேறுபாட்டைக் கேள்வியாக எழுப்பி, தீமூட்டியைத் தாக்குண்ட பெண்ணிடம் விட்டுச் செல்கிறார். அவள் தீ வைக்கிறாள். புறப்படும் நேரத்தில் சட்டையொன்றைத் திருப்பித் தர வரும் சிறுவனிடம், அதை அவனே வைத்துக்கொள்ளட்டும் என்கிறார். விரித்தால் அதில் மண்டையோட்டுச் சின்னம் இருக்கிறது.

கருப்பொருள்

இப்படத்தின் வலு சண்டைக் காட்சியில் மட்டும் இல்லை. அதற்கு முன்வரும் தயக்கத்தில் இருக்கிறது. பழிவாங்கும் கதைகளில் நாயகன் முதல் அநியாயத்துக்கே பொங்கி எழுவது வழக்கம். இங்கே அவர் இருமுறை விலகிப் போகிறார். கை ஓங்கினால் எங்கே போய் முடியும் என்று அறிந்தவரின் தயக்கமாக அதைக் கொள்ளலாம். வலிமை இல்லாமல் தலையிட்ட பிக் மைக் சக்கர நாற்காலியில் முடங்கினார். வலிமை உள்ளவரோ துணியைத் துவைத்துக்கொண்டிருக்கிறார். இந்த முரணே பார்வையாளரை உறுத்துகிறது.

படத்தின் உண்மையான அறத் தேர்வு சிறுவனுடையது. துணைக்கு யாருமில்லை, அடி நிச்சயம் என்று தெரிந்தும் அவன் மறுக்கிறான். யாரையும் காயப்படுத்தாமல் தீமைக்கு எதிராக நிற்பவன் அவன் ஒருவனே. அவனுடைய கையில் கடைசியில் மண்டையோட்டுச் சட்டை வந்து சேர்வதை வெற்றியாக மட்டும் பார்க்க இயலாது. வன்முறை அடுத்த தலைமுறைக்குக் கைமாறும் தருணமும் அதுதான்.

தீமூட்டியைப் பெண்ணிடம் விடுவதும் இருபொருள் கொண்டது. தீர்ப்பு பாதிக்கப்பட்டவளுடையது என்று அவளை மதிப்பதாகவும் கொள்ளலாம். கொலையின் பாரத்தை அவள் தலையில் ஏற்றுவதாகவும் கொள்ளலாம். சாட்சியைக் கேட்கவும், தண்டனைக்கு அளவு வைக்கவும், தவறினால் திருத்தவும் வழியுள்ள இடத்தில்தான் நீதி இருக்க முடியும். அந்தத் தெருவில் அத்தகைய அமைப்பு எதுவும் எட்டிப்பார்ப்பதில்லை. நடப்பது தண்டனை மட்டுமே. அதை நீதி என்று அழைக்காமல் இரண்டையும் பிரித்துக் கேட்பதில் படம் நேர்மையாக இருக்கிறது. ஆனால் கோல்டியைக் கொடுமையின் மொத்த உருவாகவே காட்டி, பார்வையாளரின் கோபத்தை முன்கூட்டியே ஒரு பக்கம் சாய்த்துவிடுவது அதன் குறை.

தாக்கம்

ரசிகர்களிடையே பெரும் வரவேற்பைப் பெற்ற இப்படத்தைத் தொடர்ந்து, ஆதி சங்கர் இதே முறையில், மார்வெலின் வெனம் பாத்திரத்தை வைத்து ‘ட்ரூத் இன் ஜர்னலிசம்’ (2013) என்ற குறும்படத்தையும், ‘பவர்/ரேஞ்சர்ஸ்’ (2015) என்ற குறும்படத்தையும் தயாரித்தார். பனிஷர் பாத்திரத்தை 2016 முதல் ஜான் பெர்ன்தால் நெட்ஃபிளிக்ஸ் தொடர்களில் ஏற்றார்.

மண்டையோட்டுச் சின்னம் திரைக்கு வெளியிலும் சர்ச்சைக்குள்ளானது. அமெரிக்கக் காவலர்களும் படைவீரர்களும் அதை அணியத் தொடங்கியபோது, சட்டம் தோற்றுப்போனதன் அடையாளத்தைச் சட்டத்தின் காவலர்களே சூடுவது தவறென்று ஜெர்ரி கான்வே கண்டித்தார். 2020இல் அச்சின்னத்தை இனநீதிக்கான போராட்டத்தின் பக்கம் மீட்கும் இயக்கத்தையும் தொடங்கினார். சட்டத்தைக் கையிலெடுப்பவரை வீரராகக் கொண்டாடுவதா, சமூகத்தின் தோல்வியாகக் காண்பதா என்ற விவாதத்தை 10 நிமிடத்துக்குள் இவ்வளவு கூர்மையாக முன்வைத்த அதிரடிப் படங்கள் மிகக் குறைவு.