கண் இமையில் சூடு பார்த்தவர்கள்

முதன்முதலா வீட்டுல தெர்மாகோல் பெட்டி, பல்பு எல்லாம் வெச்சு 12 முட்டையை அடை வெச்சேன். 3 குஞ்சுதான் வெளிய வந்துச்சு. மிச்சத்தை உடைச்சுப் பார்த்தப்போ, நாலஞ்சு குஞ்சு முழுசா வளர்ந்து உள்ளேயே செத்திருந்தது. மனசே ஆறல. கோழி தானா செய்யற வேலையில நாம எங்க தப்பு பண்றோம்? அந்தக் கேள்விதான் என்னை எகிப்துக்குக் கொண்டுபோச்சு.

எகிப்துல முட்டைகளைச் சாண எருவுக்குள்ள புதைச்சுப் பொரிக்க வைப்பாங்கன்னு கிரேக்க அறிஞர் அரிஸ்டாட்டில் 2300 வருஷத்துக்கு முன்னாடியே எழுதியிருக்கார். பிற்காலத்துல அங்க இதுக்குன்னே செங்கல் கட்டடங்கள் இருந்தன. நடுவுல ஒரு நடைபாதை, ரெண்டு பக்கமும் ரெண்டு அடுக்கு அறைகள். கீழ் அறையில ஆயிரக்கணக்குல முட்டை, மேல் அறையில வறட்டி நெருப்பு. ஆட்கள் உள்ளே தவழ்ந்து போய் முட்டைகளைத் திருப்பி வைப்பாங்க.

அவங்க கையில தெர்மாமீட்டர் கிடையாது. முட்டையை எடுத்துக் கண் இமையில ஒத்திப் பார்ப்பாங்க, அவ்வளவுதான். நைல் டெல்டாவுல இருக்கற பெர்மா ஊர்க்காரங்க இதுல பேர் போனவங்க. அப்பன்கிட்டேருந்து மகனுக்கு மட்டுமே போன தொழில் ரகசியம் அது.

அந்த ரகசியத்தை உடைக்கணும்னு இறங்கினவர் பிரெஞ்சு விஞ்ஞானி ரெயோமூர். வெப்பத்தை அளக்கத் தன் பேர்லயே ஒரு அளவுகோலை உருவாக்கினவர். அடைக்கோழியோட சூடு அவர் கணக்குல 32 டிகிரி. நம்ம கணக்குல அது 40 டிகிரி செல்சியஸ். சரியான சூடு தெரிஞ்சாச்சு, இனி யார் வேணும்னாலும் பொரிக்கலாம்னு நினைச்சார். பீப்பாயைச் சாண எருவுக்குள்ள புதைச்சு முட்டை வெச்சார். ஆனா கருக்கள் செத்துப்போச்சு. காரணம் சூடு இல்லை, எருவிலிருந்து கிளம்பின ஈர ஆவி. அது உள்ளே போகாம தடுத்த பிறகுதான் குஞ்சு வந்துச்சு. இதையெல்லாம் 1749-ல் புத்தகமாவே போட்டார்.

பிறகு 1879-ல் அமெரிக்காவுல, கலிஃபோர்னியாவின் பெட்டலூமா ஊர்ல லைமன் பைஸ் என்பவர் இன்குபேட்டர் செஞ்சார். அந்தச் சின்ன ஊர் கோழித் தொழிலுக்கே பேர் போன இடமாச்சு.

இப்போ என் பெட்டிக்கு வருவோம். எகிப்துக்காரங்க 21 நாளும் நெருப்பு போடல. பாதி நாளுக்கு மேல நெருப்பை அணைச்சிடுவாங்க. ஏன்னா வளர்ற கரு தானே சூடு கொடுக்கும். இதைப் படிச்சப்போ எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. கடைசி வாரத்துல என் பெட்டி சூடு ஏறினதைப் பார்த்துட்டும், பல்பு சரியா வேலை செய்யுதுன்னு நான் சும்மா இருந்தேன். அது போதாதுன்னு, 18-ம் நாளுக்கு அப்புறம் திறக்கவே கூடாத பெட்டியை ஆசையில அடிக்கடி திறந்து ஈரப்பதத்தையும் வெளிய விட்டேன்.

தெர்மாமீட்டர் என்கிட்ட இருந்தது. அதுல தெரிஞ்ச எண்ணுக்கு என்ன அர்த்தம்னுதான் புரியல. பெர்மாக்காரங்க இமைக்கு அது புரிஞ்சிருந்தது. அடுத்த தடவை 10 முட்டைதான் வைக்கப் போறேன். பத்தாம் நாளுக்கு மேல தினமும் பல்பைக் கவனிக்கப் போறேன்.